பாடத்தைத் தடுக்க மாநிலத்துக்கு உரிமை உண்டா? டூசான், லிட்டில் ராக், ஃபுளோரிடா

கேள்வி: என் மகள் ஃபுளோரிடாவில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். இனம், பாலினம் பற்றி வகுப்பில் இதைப் பேசக் கூடாது, அதைப் பேசக் கூடாது என்று மாநிலமே சட்டம் போட்டிருக்கிறதாம். பேச்சுரிமையை அரசியல் சாசனத்தின் முதல் திருத்தமாகவே வைத்திருக்கும் நாட்டில் இப்படி ஒரு சட்டம் செல்லுமா? கல்லூரிக்கும் இதே கதிதானா?

பதில்:

பள்ளி என்றால் பெரும்பாலும் செல்லும். கல்லூரி என்றால் கதை வேறு. ஃபுளோரிடா சட்டத்தில் கல்லூரி வகுப்பறையைக் கட்டுப்படுத்திய பகுதிக்கு 2022 நவம்பரிலேயே நீதிமன்றம் தடை போட்டது. ஆனால் இந்த இரண்டு வரியோடு நிறுத்தினால் உங்களுக்குப் பயன் இல்லை. உங்கள் மகளைத் தொடப்போவது வழக்கின் முடிவு அல்ல. தடை என்ற சொல்லையே சொல்லாமல் இந்தச் சட்டங்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதுதான். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

வகுப்பில் பேசுவது ஆசிரியரின் பேச்சுரிமை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. அரசுப் பள்ளி ஆசிரியர் அரசு ஊழியர். ஊழியர் தன் வேலையின் பகுதியாகப் பேசும் பேச்சுக்கு முதல் திருத்தத்தின் காப்பு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் கார்செட்டி வழக்கில் சொல்லிவிட்டது. பேராசிரியரின் பாடத்துக்கும் ஆய்வுக்கும் அது பொருந்துமா என்பதை மட்டும் அந்தத் தீர்ப்பு முடிவு செய்யாமல் விட்டது. கல்லூரிக்காரர்கள் மூச்சு விடுவது அந்த இடைவெளியில்தான். பாடத்திட்டத்தை மாநிலம் வகுப்பதும் புதிதல்ல. டெக்சாஸில் மாநிலக் கல்வி வாரியத்துக்குத் தேர்தல் வைத்தே ஆள் எடுக்கிறார்கள். ஆகவே சட்டமன்றம் பாடத்தில் தலையிடலாமா என்பது பெரிய கேள்வி இல்லை. என்ன நோக்கத்தில் தலையிடுகிறது என்பதுதான் கேள்வி. இதை முழுசாகப் பார்க்க அரிசோனாவின் டூசான் நகரத்தைவிட நல்ல இடம் கிடையாது.

டூசான் ஒருகாலத்தில் மெக்சிகோ. கேட்ஸ்டன் ஒப்பந்தம் என்ற நிலக் கொள்முதலில் 1854-இல் அமெரிக்காவின் கைக்கு வந்தது. அங்குள்ள அரசுப் பள்ளிகளில் பாதிக்கு மேல் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள். 1998-இல் அவர்களின் வரலாறும் இலக்கியமும் கற்பிக்க மெக்சிகன் அமெரிக்கன் ஆய்வுகள் என்று ஒரு பாடப்பிரிவைப் பள்ளி மாவட்டம், அதாவது அந்த அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு, தொடங்கியது. யாரும் சேரலாம்.

2006-இல் விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவர் டொலோரஸ் ஹுவெர்ட்டா டூசான் உயர்நிலைப் பள்ளியில் பேச வந்தார். பேச்சின் நடுவே, குடியரசுக் கட்சிக்காரர்கள் லத்தீனோக்களை (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரை) வெறுக்கிறார்கள் என்றார். மாநிலக் கல்வித் துறையின் தலைவர் டாம் ஹார்ன் குடியரசுக் கட்சி. தேர்தலில் ஜெயித்து வரும் பதவி அது. அவர் சும்மா இருப்பாரா? தன் துணை அதிகாரி மார்கரெட் கார்சியா டூகனை மறுப்பு சொல்ல அனுப்பினார். அந்த அம்மா லத்தீனோ வம்சாவளி, குடியரசுக் கட்சியும்கூட. மாணவர்கள் கேள்வி கேட்க அனுமதி கிடைக்காததால் வாயில் டேப் ஒட்டிக்கொண்டு, முதுகைத் திருப்பி, கைமுஷ்டியை உயர்த்தி நின்றார்கள். ஹார்னுக்கு அது பொறுக்கவில்லை. பிள்ளைகளுக்கு இந்த முரட்டுத்தனத்தை அந்தப் பாடப்பிரிவுதான் கற்றுக்கொடுக்கிறது என்று முடிவு கட்டினார். அடுத்த ஆண்டே டூசான் குடிமக்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி அதை மூடச் சொன்னார். மாவட்டம் மறுத்தது. அவர் சட்டமன்றத்துக்குப் போனார்.

2010 மே மாதம் ஆளுநர் ஜான் ப்ரூவர் கையெழுத்திட்ட எச்பி 2281 என்ற சட்டம் நான்கு வகைப் பாடங்களைத் தடுத்தது: அமெரிக்க அரசைக் கவிழ்க்கத் தூண்டுபவை, ஓர் இனத்தார் அல்லது வர்க்கத்தார் மீது மனக்கசப்பை வளர்ப்பவை, ஒரு குறிப்பிட்ட இனக்குழு மாணவருக்கென்றே வடிவமைத்தவை, மாணவர்களைத் தனி மனிதர்களாகப் பார்க்காமல் இன ஒற்றுமையை வலியுறுத்துபவை. மீறினால் மாவட்டத்துக்கு வரவேண்டிய மாநில நிதியில் 10 சதவீதம் நிற்கும்.

இதில் இரண்டைக் கவனியுங்கள். யூத இனப்படுகொலையையும், ஒரு குழு இனத்தால் வர்க்கத்தால் ஒடுக்கப்பட்ட வரலாற்றையும் கற்பிக்கத் தடையில்லை என்று அதே சட்டம் சொல்கிறது. காகிதத்தில் படித்தால் யாருக்கும் உறுத்தாது. ஆனால் நிலம் பறிபோன கதையை மனக்கசப்பு வராமல் கற்பிப்பது எப்படி என்று எந்தச் சட்டமும் சொல்லித் தராது. இரண்டாவது, அபராதம் ஆசிரியருக்கு அல்ல, மாவட்டத்துக்கு. ஓர் ஆசிரியரின் ஒரு வகுப்புக்காக மற்ற எல்லாப் பள்ளிகளின் பணமும் பணயத்தில் நிற்கும். அப்புறம் அந்த ஆசிரியரைத் தடுக்க மாநிலம் வரவேண்டிய தேவையே இல்லை, அவருடைய மேலதிகாரியே தடுத்துவிடுவார்.

ஹார்னுக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்தவர் ஜான் ஹப்பென்தால். சட்டம் மீறப்பட்டதா என்று பார்க்க அவரே ஒரு தணிக்கை நிறுவனத்தை அமர்த்தினார். மீறல் இல்லை என்று அறிக்கை வந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு, மீறல் இருக்கிறது என்று அவரே 2011 ஜூனில் அறிவித்தார். அதற்கு இரண்டு மாதம் முன்பு மாணவர்கள் மாவட்டத்தின் கல்வி வாரியக் கூட்டத்தில் உறுப்பினர்களின் நாற்காலிகளோடு தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு உட்கார்ந்து கூட்டத்தையே நடக்கவிடாமல் செய்திருந்தார்கள். எதுவும் பலிக்கவில்லை. 2012 ஜனவரியில் வாரியம் 4-க்கு 1 என்று வாக்களித்துப் பாடப்பிரிவை மூடியது. ஏழு நூல்கள் வகுப்பறைகளிலிருந்து பெட்டிகளில் ஏறிக் கிடங்குக்குப் போயின. பாவ்லோ ஃப்ரேய்ரே ஒடுக்கப்பட்டோரின் கல்வி பற்றி எழுதிய நூல் அவற்றில் ஒன்று. நூலகத்தில் பிரதி இருக்கிறது, ஆகவே இது தடை அல்ல என்றது நிர்வாகம். கேட்டுக் கொதித்த ஹூஸ்டன் எழுத்தாளர்கள் சிலர் தங்களைப் புத்தகக் கடத்தல்காரர்கள் என்று அழைத்துக்கொண்டு அதே நூல்களைப் பேருந்தில் ஏற்றி டூசானுக்குக் கொண்டுவந்தார்கள்.

எனக்கு இதையெல்லாம்விட மறக்க முடியாதது வேறொன்று. கர்ட்டிஸ் அக்கோஸ்டா என்ற ஆங்கில ஆசிரியர் ஷேக்ஸ்பியரின் ‘தி டெம்பஸ்ட்’ நாடகத்தை நடத்திவந்தவர். தீவுக்கு வந்த வெளியூர் பிரபுவும் அவனுக்கு அடிமையாகும் தீவுவாசியும் வரும் நாடகம். இனி இதை முன்போல நடத்தலாமா என்று மேலிடத்தைக் கேட்டார். இனம், ஒடுக்குமுறை என்ற கோணத்தில் போகாமல் தவிர்ப்பது நல்லது என்றார்கள். ஷேக்ஸ்பியரை யாரும் தடை செய்யவில்லை. சட்டத்தில் அவர் பெயரும் இல்லை. ஆனாலும் பயம் போய்ச் சேர்ந்த தூரத்தைப் பாருங்கள்.

வழக்கு 2010-இலேயே போடப்பட்டது. நீதிபதி வாலஸ் தஷிமா 2013-இல் நான்கு பிரிவுகளில் ஒன்றை மட்டும், ஒரு குழுவுக்கென வடிவமைத்த பாடம் என்ற பிரிவை, செல்லாது என்று சொல்லி மற்றவற்றை ஏறக்குறைய விட்டுவிட்டார். 2015-இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டத்தின் உள்நோக்கம் பற்றி முழு விசாரணை நடத்தச் சொல்லித் திருப்பி அனுப்பியது. பாடத்தைக் குறைக்க மாநிலத்துக்கு உரிமை உண்டு, ஆனால் அதற்கு நியாயமான கல்விக் காரணம் இருக்க வேண்டும் என்பது அந்த நீதிமன்றத்தின் அளவுகோல்.

விசாரணையில் மாநிலத்தைக் கவிழ்த்தது அதன் சொந்த வாய். ஹப்பென்தால் வலைப்பதிவுகளில் புனைபெயரில் கருத்து எழுதிவந்தது 2014-இல் வெளிவந்திருந்தது. ஒரு புனைபெயர் கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் பெயர். வரலாற்றுப் பாடத்தை மூடுகிறவருக்கு என்ன ரசனை! ஸ்பானிஷ் வானொலி வேண்டாம், ஸ்பானிஷ் விளம்பரப் பலகை வேண்டாம், இது அமெரிக்கா, ஆங்கிலம் பேசு என்ற ரகத்தில் எழுதியிருந்தார். அந்தப் பாடப்பிரிவு வேறு நிறத்தில் வந்த கு கிளக்ஸ் கிளான் (வெள்ளை இனவெறி அமைப்பு) என்றும் எழுதியிருந்தார். 2017 ஆகஸ்டில் தஷிமா தீர்ப்பு சொன்னார்: சட்டம் இயற்றப்பட்டதும் அமலானதும் இனப் பகைமையால். முதல் திருத்தமும் சமத்துவம் தரும் பதினான்காவது திருத்தமும் மீறப்பட்டிருக்கின்றன. டிசம்பரில் நிரந்தரத் தடை வந்தது. தஷிமா ஜப்பானிய வம்சாவளி. இரண்டாம் உலகப் போரில் சிறுவனாகக் குடும்பத்தோடு முள்வேலி முகாமில் அடைக்கப்பட்டவர். அந்த முகாம் இருந்ததும் அரிசோனாவில்தான். இது தீர்ப்பில் எதையும் மாற்றியது என்று சொல்லவரவில்லை, அவரே 2013-இல் மாநிலத்தின் பக்கம் பெரும்பாலும் சாய்ந்தவர். ஆனாலும் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.

வழக்கு போட்டதிலிருந்து தீர்ப்பு வர ஏழு ஆண்டு. பள்ளிப் பிள்ளைக்கு ஏழு ஆண்டு என்பது ஒரு யுகம். சட்டம் வந்தபோது வகுப்பில் இருந்தவர்கள் எல்லோரும் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். ஹார்ன்? 2022 தேர்தலில் ஜெயித்து அதே பதவிக்குத் திரும்பி வந்தார்.

டூசானிலிருந்து மற்ற மாநிலங்கள் கற்ற பாடம் என்ன? எனக்குத் தெரிந்து ஒன்றுதான்: சட்டத்தை எழுதும்போது வாயைக் கட்டு. 2021-க்குப் பின் ஐடஹோ, ஓக்லஹோமா, டெக்சாஸ், டென்னசி, ஃபுளோரிடா என்று வரிசையாக வந்த சட்டங்கள் எந்தக் குழுவையும் பெயர் சொல்லிக் குறிவைப்பதில்லை. டிரம்ப் 2020 செப்டம்பரில் மத்திய அரசுப் பயிற்சிகளுக்காகப் போட்ட ஆணையின் வாசகத்தை எடுத்து எழுதியவை பல. எந்த இனமும் உயர்ந்ததல்ல, முன்னோர் செய்ததற்கு யாரும் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை என்று சிவில் உரிமைச் சட்டத்தின் மொழியிலேயே பேசுகின்றன. ஃபுளோரிடாவின் 2022 சட்டத்தில் இப்படி எட்டுக் கருத்துகள். அவற்றை மாணவர் ஏற்கும்படி கற்பிக்கக் கூடாது, சார்பு இல்லாமல் விவாதிக்கலாம். அதற்குப் பெயரே தனிமனித சுதந்திரச் சட்டம்.

இன்னொரு நுணுக்கமும் வந்தது. அதற்கு நாம் ஆர்கன்சாவின் லிட்டில் ராக் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். 1957-இல் ஒன்பது கறுப்பின மாணவர்களை உள்ளே விட அதிபர் ஐசன்ஹோவர் ராணுவத்தை அனுப்ப வேண்டியிருந்த அதே பள்ளி. பரிணாமக் கொள்கையைக் கற்பிக்கத் தடை விதித்த 1928 ஆர்கன்சா சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்ட உயிரியல் ஆசிரியை சூசன் எப்பர்சனும் அதே பள்ளிதான். 1968-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஆசிரியைக்குப் பேச்சுரிமை உண்டு என்பதால் அல்ல, சட்டத்தின் நோக்கம் ஒரு மதக் கருத்தைக் காப்பது என்பதால். பாருங்கள், அங்கும் நோக்கம்தான்.

2023-இல் அந்தப் பள்ளியில் ஏபி ஆப்பிரிக்க அமெரிக்கன் ஆய்வுகள் நடந்துகொண்டிருந்தது. பள்ளி மாணவர்கள் கல்லூரித் தரத்தில் படிக்கும் பாடம். அந்த ஆண்டு வந்த லேர்ன்ஸ் சட்டத்தில், மாணவர் மனதில் கருத்தைத் திணிக்கக் கூடாது என்று ஒரு பிரிவு. பள்ளி திறக்கச் சில நாட்களே இருந்தபோது மாநிலக் கல்வித் துறை சொன்னது: இந்தப் பாடம் பட்டம் பெறத் தேவையான கணக்கில் சேராது. தடை என்று சொல்லவில்லை. நடத்துங்கள், படியுங்கள், ஆனால் கணக்கில் வராது. பள்ளி விடாமல் நடத்தியது. ஆசிரியர்களும் மாணவர்களும் வழக்குக்குப் போனார்கள். 2024-இல் கீழ் நீதிமன்றம் ஓரளவு இடைக்காலத் தடை கொடுத்தது. 2025 ஜூலையில் எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நீக்கியது. பாடத்திட்டம் என்பது அரசு தானே பேசும் பேச்சு, அரசு எதைப் பேச வேண்டும் என்று மாணவர் பேச்சுரிமையைக் காட்டிக் கட்டாயப்படுத்த முடியாது என்றது.

டூசானில் ஜெயித்த வாதம் லிட்டில் ராக்கில் தோற்றது இப்படித்தான். ஃபுளோரிடா இரண்டிலும் சேராத பதினோராவது வட்டாரம், ஆகவே அந்த இரண்டு தீர்ப்பும் அதைக் கட்டுப்படுத்தாது.

ஆதரவாளர்கள் பக்கமும் நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். பள்ளிக்குப் போவது கட்டாயம், பிள்ளைகள் சிறுவர்கள், செலவு வரிப்பணம். தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளுக்கு இதில் சொல்ல உரிமை இல்லை என்றால் யாருக்கு உண்டு? வகுப்பில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையைத் தோலின் நிறத்துக்காகக் கூனிக் குறுக வைத்தால் அது தவறுதான். எதிர்த் திசையிலும் சட்டமன்றங்கள் சும்மா இல்லை: கலிஃபோர்னியா 2021-இல் இனக்குழு ஆய்வுகளை உயர்நிலைப் பள்ளிக்குக் கட்டாயமாக்கச் சட்டம் போட்டது, அதன் மாதிரிப் பாடத்திட்டத்துக்கு யூத அமைப்புகள் கடுமையாக ஆட்சேபம் சொன்னார்கள். ஆனால் இனம் சொல்லி மாணவரை இழிவுபடுத்துவது 1964 சிவில் உரிமைச் சட்டத்திலேயே அடங்கும். அதற்கு மேல் மங்கலான சொற்களில் இன்னொரு சட்டம் எழுதினால், தப்பு செய்கிறவர் அடங்குவதற்கு முன் ஜாக்கிரதையானவர் அடங்கிவிடுவார்.

டெக்சாஸில் நடந்ததே சாட்சி. சர்ச்சைக்குரிய விஷயங்களைப் பல கோணத்தில் கற்பிக்க வேண்டும் என்றது 2021 சட்டம். அந்த அக்டோபரில் சவுத்லேக் நகரப் பள்ளி மாவட்டத்தில் ஆசிரியர் பயிற்சி. யூத இனப்படுகொலை பற்றிப் புத்தகம் வைத்தால் மாற்றுக் கோணம் உள்ள புத்தகமும் வையுங்கள் என்றார் ஒரு அதிகாரி. மாவட்டம் மன்னிப்புக் கேட்டது. சட்டம் அப்படிச் சொல்லவில்லைதான். சட்டத்தைப் பார்த்துப் பயந்தவர் சொன்னது அது. பிரிட்டனில் தன்பாலுறவை ‘ஊக்குவிக்க’ உள்ளாட்சிகளுக்குத் தடை போட்ட 28-ஆம் பிரிவு 1988 முதல் 2003 வரை இருந்தது. ஸ்காட்லாந்தில் 2000-இலேயே போனது. அதன் கீழ் தண்டனை பெற்றவர் ஒருவரும் இல்லை. ஆனால் வகுப்பில் கேலிக்கு ஆளாகும் பையனிடம்கூட ஆசிரியர் வாய் திறக்கத் தயங்கினார்.

இனி ஃபுளோரிடா, உங்கள் மகள். பாலின அடையாளம், பாலீர்ப்பு பற்றிப் பாடம் நடத்தத் தடை 2022-இல் மூன்றாம் வகுப்பு வரை வந்தது, அடுத்த ஆண்டே மேல் வகுப்புகளுக்கும் நீண்டது. 2024 மார்ச்சில் ஒரு சமரசம்: தடை பாடத்துக்குத்தான், பேச்சுக்கு அல்ல. வகுப்பில் ஒரு மாணவி தனக்கு இரண்டு அம்மா என்று சொல்லலாம், ஆசிரியர் தன் குடும்பப் படத்தை மேசையில் வைக்கலாம். இதைத் தெளிவாக்க இரண்டு ஆண்டு வழக்கு வேண்டியிருந்தது.

கறுப்பின வரலாறு ஃபுளோரிடாவில் தடை என்று சிலர் சொல்வது தவறு. 1994 முதல் அது சட்டப்படி கட்டாயம். எப்படிக் கற்பிப்பது என்பதில்தான் இழுபறி. 2023 ஜூலையில் வந்த புதிய தரநிலையில், அடிமைகள் கற்ற தொழில்கள் சில நேரம் அவர்களுக்கே பயன்பட்டன என்று நடுநிலைப் பள்ளிக்கு ஒரு குறிப்பு சேர்த்தார்கள். நாடே கொதித்தது. உங்கள் மகள் படிப்பது அந்தத் தரநிலையின்படிதான், அவள் பாடப்புத்தகத்தை ஒரு நாள் நீங்களே புரட்டிப் பாருங்கள்.

கல்லூரி விஷயம். 2022 சட்டத்தின் கல்லூரிப் பகுதிக்குத் தடை போட்ட நீதிபதி மார்க் வாக்கர், பேராசிரியர் பேசுவதெல்லாம் மாநிலத்தின் பேச்சு என்ற அரசு வாதத்தைக் கடுமையாக நிராகரித்தார். இனவழி இடஒதுக்கீட்டை ஆதரிக்கும் உச்ச நீதிமன்ற நீதிபதி சோட்டோமேயரே சட்டக் கல்லூரி வகுப்புக்கு வந்து தன் அனுபவத்தைச் சொன்னால்கூட இந்தச் சட்டம் குறுக்கே நிற்கும் என்று காட்டினார். அரசு அடுத்த வழியைப் பிடித்தது. 2023-இல் வந்த எஸ்பி 266 என்ற சட்டம், அமெரிக்க அமைப்புகளிலேயே இனவெறி ஊறியிருக்கிறது என்ற கோட்பாட்டின் மேல் எழுப்பிய பாடங்களைப் பொதுக்கல்விப் பட்டியலிலிருந்து விலக்கச் சொன்னது. எல்லா மாணவரும் சில பாடங்களைத் தேர்ந்தெடுத்தாக வேண்டிய பட்டியல் அது. 2024 ஜனவரியில் சமூகவியல் அறிமுகப் பாடம் மாநிலப் பல்கலைக்கழகங்களின் அந்தப் பட்டியலிலிருந்து போனது. சமூகவியலுக்குத் தடை இல்லை. விரும்பினால் படிக்கலாம். கட்டாயக் கணக்கில் வராத பாடத்தில் எத்தனை பேர் சேர்வார்கள், பிள்ளை வராத துறைக்கு எத்தனை நாள் பேராசிரியர் இருப்பார் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். லிட்டில் ராக்கில் பார்த்த அதே உத்தி.

ஒன்பதாம் வகுப்புக்குப் பாடத் தேர்வுப் படிவம் வரும். ஏபி ஆப்பிரிக்க அமெரிக்கன் ஆய்வுகளுக்கு மாநிலம் 2023 ஜனவரியில் அனுமதி மறுத்தது. ஏபி உளவியலில் பாலினம், பாலீர்ப்பு பற்றிய பகுதி குறித்து அதே ஆண்டு ஆகஸ்டில் தேர்வு நடத்தும் அமைப்புக்கும் மாநிலத்துக்கும் பெரிய சண்டை. கடைசியில் வயதுக்கேற்ற விதத்தில் முழுப் பாடமும் நடத்தலாம் என்று மாநிலம் சொன்னது. ஆனால் அதற்குள் சில மாவட்டங்கள் வேறு பாடத்துக்கு மாறிவிட்டிருந்தன. ஆகவே ஆலோசகரைப் பார்க்கப் போகும்போது, என்னென்ன பாடம் இருக்கிறது என்று கேட்டால் மட்டும் போதாது. எது எந்தக் கணக்கில் சேரும், போன ஆண்டு இருந்து இந்த ஆண்டு இல்லாமல் போனது எது என்றும் கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.